ஐந்தாவது இணைப்பு

இது சத்தியமாக நடந்தது. கதை விடுகிறான் என்பவர்கள் என் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும். மேலதிகாரிக்கே பயப்படாதவள், பேய்க்கா பயப்படப் போகிறாள்?

அக்காவுக்கு வேலை, கணினித் தாக்குதல் நடந்தால் உதவிக்கு ஓடும் அரசு அலுவலகத்தில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர்களை எவனோ முடக்கி இரண்டாவது நாள். அவற்றைப் பராமரித்த தனியார் கம்பெனியும் அக்காவின் அலுவலகமும் ஒரே போன் லைனில். பிரச்சினை தீரும்வரை லைனைத் துண்டிக்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

லைன் திறந்திருந்தது. வாயைத்தான் யாரும் திறக்கவில்லை. திருடன் எந்த வழியாக நுழைந்தான் என்று அக்கா கேட்டால், எழுத்தில் கேளுங்கள் என்பார் கம்பெனி வக்கீல். எழுத மேலிடத்து அனுமதி வேண்டும் என்பார் அக்காவின் அதிகாரி. கூட்டு முயற்சியாம், கூட்டு முயற்சி! முதல் நாள் கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் மட்டும், "மேடம், அது வந்து..." என்று ஆரம்பித்தார். வக்கீல் அவர் வாயை அடைத்துவிட்டார்.

அதே கம்பெனி பார்க்கும் இன்னொரு ஆஸ்பத்திரியில்தான் அத்தானுக்கு அன்று மாலை இதய ஆபரேஷன். அடுத்த அடி அங்கே விழுந்தால்? 

மதியம் மூன்று மணி. வழக்கம்போல லைனில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். அக்கா, அதிகாரி, கம்பெனி மேனேஜர், வக்கீல். நான்கு பேர்.

போன் திரை காட்டியது ஐந்து இணைப்பு.

"அஞ்சாவது யாரு?" என்றாள் அக்கா.

பீப்... பீப்... என்று ஒரு சத்தம் மட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்பது.

பிறகு அது ஒரே நீளமாக இழுத்தது.

அதன் மேலேயே குரல் வந்தது. நேற்றைய இன்ஜினீயர்.

"மேடம்... அவன் நுழைஞ்சது நாங்க பராமரிப்புக்கு வச்சிருக்கிற மெயின்டனன்ஸ் அக்கவுன்ட் வழியா. எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பாஸ்வேர்டு. உடனே மூடுங்க."

அக்கா அதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லிடாதீங்க. வேலை போயிடும்."

திரையில் நான்கு.

இப்போது பேசியது உங்கள் காதில் விழுந்ததா என்று அக்கா கேட்டாள். "யாரும் பேசலையேம்மா" என்றார் அதிகாரி.

அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அத்தான் இருந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு அந்த அக்கவுன்டை மூடவைத்தாள். கால் மணி நேரத்தில் அதே அக்கவுன்டில் எவனோ நுழையப் பார்த்தான். முடியவில்லை. ஆபரேஷன் நடந்தது, அத்தான் பிழைத்தார்.

மறுநாள், உள்விஷயத்தைச் சொன்னது யார் என்று வக்கீல் அக்காவைக் குடைந்தார். அவள் மூச்சு விடவில்லை. கம்பெனியிடம் எழுத்தில் கேட்கலாம் என்ற அனுமதி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

இன்ஜினீயருக்கு நன்றி சொல்ல நினைத்த அக்கா, அவர் லைனுக்கு வருவதில்லையே என்று மேனேஜரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள்.

முதல் நாள் ராத்திரியே அவருக்கு நெஞ்சுவலியாம். கொண்டுபோனது அந்த முடங்கிய ஆஸ்பத்திரிக்கே. பழைய ரிப்போர்ட் ஒன்றையும் திறக்க முடியவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு உயிர் போய்விட்டது.

லைனில் குரல் வந்தது அன்று மதியம் மூன்றுக்கு.

செத்த பிறகும் அந்த மனுஷனுக்கு வேலை போய்விடுமே என்று பயம். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் பெயரை அக்கா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.