வடக்குப்பட்டில் ஒரு காலி அறை

வடக்குப்பட்டில் டீ குடிக்க நிற்கிறேன். கடை டிவியில் ஒருவர் எல்லா மாநிலங்களுக்கும் சம உரிமை கேட்டு மேசையைத் தட்டுகிறார். மாடியில் கடைக்கார அம்மா வாடகைக்கு விட்ட அறைகள். ஒடிசா, பீகார், அசாம் பையன்களின் கம்பெனிச் சட்டைகள் ஒரே கொடியில் காய்கின்றன. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

அறை கேட்டு வந்த தூத்துக்குடி இளைஞனை மட்டும் அந்த அம்மா இல்லையென்று அனுப்பிவிடுகிறார்.

“மேல ஒரு ரூம் காலியா இருக்கேம்மா?”

“கீது சார். குலசாமி எதுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்றான். அப்புறம் இன்னா சாதின்னு எப்படித் தெரியும்?”

“மேல இருக்கறவங்க என்ன சாதி?”

“அவங்க இந்திக்காரங்க சார். சொன்னாலும் நமக்கு இன்னா புரியும்? நம்ம ஆளுங்கன்னா கேட்டுத்தானே ஆவணும்.”

டீயை நீட்டுகிறார். நான் பிடித்த பிறகும் டம்ளரை விடவில்லை.

“உங்க குலசாமி எது சார்?”