பஸ்ஸில் வந்த காற்று மெஷின்

பஞ்சர் ஒட்டப் பழகிய கையோடு, காற்றடிக்கும் பழைய மெஷின் ஒன்றை வில்லியனூரில் வாங்கி, இன்று பாகூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

கண்டக்டர் கேட்டார்: "வூட்டுக்காரரு பஞ்சர் கடை போடுறாராமா?"

"நான்தான் போடுறேன்."

"இந்தக் காசுக்குத் தையல் மிஷின் வாங்கியிருக்கலாமே?"

"எங்க தெருவுல வூட்டுக்கு வூடு தையல் மிஷின் இருக்குண்ணா. பஞ்சர்னாதான் பாகூர் வரைக்கும் வண்டியத் தள்ளணும்."

அவர் சிரித்துக்கொண்டே மெஷினுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

பின் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்த பெண் கேட்டாள்: "எத்தினி மணிக்குத் தொறப்பக்கா? காலை ஷிஃப்ட்டுக்குப் போறப்ப ஒரு கடையும் இருக்காது."

"அஞ்சு மணிக்குத் தொறந்துடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இனி மாற்ற முடியாது.

கடைக்குப் பேர்தான் பாக்கி. சொல்லுங்கள். ‘லேடீஸ் பஞ்சர்’ மட்டும் வேண்டாம். எங்கள் ஊர் ஏரிக்கரை முள் ஆம்பளை வண்டியையும்தான் குத்துகிறது.