சான்றிதழுக்கு ஓர் ஆணி

ஓய்வு பெற்ற அந்தத் தலைமை எழுத்தருக்குத் தெருவில் 'பிரேம்காரர்' என்று பெயர். முத்திரை குத்திய காகிதம் எது கையில் கிடைத்தாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடுவார். குடிநீர் இணைப்பு உத்தரவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருந்தது.

அறுபது வருடத்துப் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றியபோது எலெக்ட்ரீஷியனை அவர் படுத்தாத பாடில்லை. விதிப்புத்தகமும் கையுமாக நின்று எர்த் கம்பியை மூன்று முறை காட்டச் சொன்னார். கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சுக்கு மட்டும், "அதெல்லாம் எதுக்குப்பா?" என்று முகத்தைச் சுளித்தார். விதியில் இருந்ததால் மாட்ட விட்டுவிட்டார்.

ஆய்வாளர் வந்து பார்த்து, வீடு பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே அது சட்டத்துக்குள் ஏறிவிட்டது. விளக்குப் போடுகிறவர் கண்ணில் தவறாமல் படட்டும் என்று, சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே இடம் பார்த்தார். சுவருக்குள் வயர் போவதும் அதே நேர்கோட்டில்தான். "இங்க மட்டும் ஆணி அடிச்சிராதீங்க சார்" என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். ஆனால் அதை அவர் எழுத்தில் கொடுக்கவில்லையே.

மூன்றாவது அடியில் விரல் சுரீரென்றது. மின்விசிறி நின்றது. பிரேம்காரர் போனை எடுத்தார்.

"என்னப்பா சுவிட்ச் போட்டிருக்க? ஒரு ஆணி அடிச்சாக்கூடத் தாங்கல."

ஓடி வந்த எலெக்ட்ரீஷியன் ஆணியைப் பிடுங்கி, ஓட்டை விழுந்த வயரைக் காட்டினார். "அந்த டிரிப் சுவிட்ச்தான் சார் உங்களக் காப்பாத்திருக்கு."

மனைவி சட்டத்தைக் கையில் வாங்கி அளவு பார்த்தாள். "இல்லேன்னா இந்நேரம் இதுல உங்க போட்டோவ மாட்டியிருப்பேன். ஆனா ஆணிய வேற சுவத்துல அடிச்சிருப்பேன்."