கார் பார்க்கில் ஏறிப் பழகிய மலை

போன வாரம் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் வாங்கிய தைலத்தை அங்கேயே திறந்து முட்டியில் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்தது மறந்துபோய், கிளமெண்டியில் நானும் ஸ்டெல்லாவும் வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்விட்டேன். அந்த அறை முழுக்க இதே வாசனைதான்.

ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி, நர்ஸ். ஒரு விபத்தில் கால் முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிய பிறகும் "நடக்கலாம், மேடு மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். நோயாளிகளிடம் தினமும் இப்படிச் சொல்கிறவள், தனக்கென்று வந்ததும் கொதித்துப்போனாள்.

"கேமரன் மலைக்கு சைக்கிள்ல போறோம். லீவு போடு."

எனக்குக் கட்டட வரைபடம் போடும் வேலை. படிக்கட்டு வரைவேனே தவிர ஏற மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளோடு என் மிதிப்பு முடிந்திருந்தது. கையில் காசில்லை என்றேன். அதையும் அவள் விடவில்லை. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் பழைய கியர் சைக்கிள்களைக் கேட்டு வாங்கினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடித்து, மலைமேல் இருக்கும் மாதா கோயிலில் தங்க இடம் கேட்டுவிட்டாள். வழிச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு.

"ஏறிப் பழக இந்த ஊர்ல மலைக்கு எங்கடீ போறது?"

"நம்ம புளோக் கார் பார்க் இருக்குல்ல?"

தினமும் அந்த அடுக்குமாடி கார் பார்க்கின் சரிவுகளில் மொட்டைமாடிவரை ஏறினோம். கார் எடுக்க வந்த ஓர் அங்கிள் என்னைப் பார்த்துப் பதறினார். "என்னம்மா, வழி தெரியலையா? எக்ஸிட் கீழ லா!" மேலே கையைக் காட்டிவிட்டு மிதித்தேன்.

கிளம்பும் நாளில், பீச் ரோட்டில் மலேசியா போகும் பஸ்ஸின் டிரைவர் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்றார். ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றி, எல்லாவற்றையும் அட்டையில் வைத்துக் கட்டினாள். "இப்ப இது பெட்டிதானே அண்ணே?" அவர் சிரித்துவிட்டார்.

மலையடிவாரத்தில், தாப்பாவில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தோம். காடும் வளைவும் முடிவதாக இல்லை. பாதி வழியில் மழை. காய்கறி லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது, டிரைவர் ஏறச் சொல்லிக் கைகாட்டினார். நான் கிட்டத்தட்ட ஏறியே விட்டேன். ஸ்டெல்லா சைக்கிளிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே தள்ள ஆரம்பித்தாள்.

"நீ போடீ. தள்ளிக்கிட்டாவது நான் வந்துடுவேன்."

லாரிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். மழை விட்டதும் மறுபடி மிதித்தோம். இருட்டுவதற்குள் கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். ஈரத்தரையில் கால் நீட்டி உட்கார்ந்த ஸ்டெல்லா வலியில் அழுதாள். அழுகையோடேயே சிரித்தாள்.

"மேடு வேண்டாமாம்!"

பீச் ரோட்டில் நாங்கள் பஸ் ஏறிய கட்டடத்தை இப்போது மூடிவிட்டார்கள். சைக்கிளைப் பெட்டி என்று சொன்னால் நம்புகிற டிரைவர்கள் எங்கே போனார்களோ. ஸ்டெல்லா அயர்லாந்துக்குப் போய்விட்டாள். நான் படுக்கப் போகிற நேரத்தில் அவள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புகிறாள். இரண்டு பேருக்கும் ஒன்றாக விடிகிற காலை இப்போது இல்லை.