படுத்தால் உள்ளே போய்விடும் குடித்தனக்காரர்

என் தம்பி ஓர் இரும்பு பீரோவை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறியவன். பீரோவுக்குள் அதன் சொந்தக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இதை நான் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. எழுதி வைக்கும்போது கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டும். மாடி மூன்று. கை இரண்டு, கூடவே முதுகு, தோளில் ஒரு பட்டை. சொந்தக்காரர் பின்னால் நடந்து வந்தார், கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று படிக்குப் படி கேட்டுக்கொண்டு.

அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே பீரோ. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் சுமை தூக்குகிறான். ஒரு சோபாவையும் ஒரு மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தக் காலை முதலில் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடுவான். நாங்கள் வீடு மாறியபோது என் மாமியாரின் கட்டிலையும் மாமியாரையும் ஒரு முணுமுணுப்பில்லாமல் இறக்கி வைத்தவன் அவன் ஒருவன்தான். மருமகளான எனக்கு இருபது வருடத்தில் வராத கலை அது.

இப்படிப்பட்டவனுக்கு வலது தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம் வந்தது. வலி கிடையாது. நின்றால் வரும், இருமினால் துள்ளும், பாரம் தூக்கினால் எட்டிப் பார்க்கும். சாயங்காலமானால் அந்த இடத்தில் ஏதோ கீழே இழுப்பதுபோல் இருக்கும். படுத்தால் காணாமல் போய்விடும். இந்தக் கடைசி குணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தானாக மறைகிற ஒன்றை யார் நோய் என்று நினைப்பார்கள்? ஒரு வருடத்தில் கோலிக்குண்டு எலுமிச்சம்பழம் ஆயிற்று. அவன் வீட்டில் வாயே திறக்கவில்லை. இடம் அப்படிப்பட்ட இடம்; பொண்டாட்டியிடம் சொல்லக்கூட வெட்கம்.

வெட்கத்தை மன்னித்துவிடலாம். கம்பெனியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கே ஒரு வழக்கம். காலையில் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருவன் இடுப்பிலும் இருக்கிற அகலமான பெல்ட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். டொக்கென்று சத்தம் வந்தால் வண்டியில் ஏறலாம். வரவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். பெல்ட் போட்டவனுக்குக் குடல் இறங்காது என்பது அவருடைய வேதம். அதாவது எவனுக்காவது குடல் இறங்கினால், அவன் பெல்ட்டைச் சரியாகப் போடாமல் ஏமாற்றியவன் என்று பொருள். நோயாளியே குற்றவாளி. ஆகவே வீக்கம் வந்தவன் எல்லாம் வாயை மூடிக்கொண்டு பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிப் போட்டான். இடுப்பைச் சுற்றி இறுக்கினால் உள்ளே இருப்பது ஓட்டை இருக்கிற பக்கம்தானே போகும்? இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம். பற்பசைக் குழாயை ஒரு தடவை அமுக்கியவனுக்கே தெரியும்.

இன்னொரு வழக்கம் வண்டிக்குள். பீரோ கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கப் போர்வைகள் மடித்து வைத்திருப்பார்கள். ஒரு நடை இறக்கியதும் அதன் மேல் மல்லாந்து படுத்து, காலை உயர்த்தி, வீக்கத்தை விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு எழுந்து வருவான் என் தம்பி. கூட வேலை செய்கிறவர்கள் அதற்குக் குடித்தனக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குடித்தனக்காரர் வெளியே வந்துவிட்டார், உள்ளே அனுப்பிவிட்டு வருகிறேன் என்பான் இவன். அந்த ஆள் முன்பணம் கொடுத்தாரா என்று கேட்பான் ஓட்டுநர். வண்டியே குலுங்கச் சிரிப்பார்கள். படுத்து அமுக்குகிற இந்த அரும்பெரும் வைத்தியத்தை எந்த மகாராசன் சொல்லிக் கொடுத்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவனையே போர்வையில் சுற்றி நான்காவது மாடியில் இறக்கி வைப்பேன்.

நான்காவது மாடியில்தான் அது நடந்தது. நடுப்பகல். துணி துவைக்கும் இயந்திரத்தை முதுகில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தவன், திருப்பத்தில் நின்றுவிட்டான். வீக்கம் பெரிதாகி, கல் மாதிரி இறுகியிருந்தது. வண்டிக்குப் போய்ப் படுத்தான். போகவில்லை. காலை உயர்த்தினான், அமுக்கினான், ஓட்டுநரும் தன் பங்குக்கு அமுக்கினான். போகவில்லை. வயிற்றை முறுக்கிக்கொண்டு வலி வந்தது, பிறகு வாந்தி. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, வெயில் என்றார். ஒரு சோடா வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மிச்சம் இருக்கிற நடைகளை முடிக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் என் தம்பி அந்தப் போர்வை மேல் சுருண்டு கிடந்தான். அவனைச் சுற்றி நாற்காலிகளை அடுக்கினார்கள்.

கடைசியில் ஓட்டுநர்தான் பயந்துபோய் என் தம்பி மனைவிக்குப் போன் செய்தான். அவள் தையல் கடை வைத்திருப்பவள். திரைச்சீலை தைக்கக் கொடுக்கப் போன நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடினாள், நானும் பின்னாலேயே. வண்டிக்குள் ஏறி அவன் சட்டையைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றினாள். வீக்கத்தின் மேல் தோல் சிவந்திருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நாற்காலிகளோடு சேர்த்து அந்த வண்டியையே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். ஓட்டுநர் சூப்பர்வைசரைக் கேட்கவில்லை.

அறுவை மருத்துவர் ஒரு பெண். தொட்டுப் பார்த்தார், கடைசியாக எப்போது காற்று பிரிந்தது என்று கேட்டார், உடனே அறுவை அறைக்கு என்றார். வயிற்றுச் சுவரின் தசையில் ஓரிடம் பலவீனமாகி விலகியிருக்கிறது, அதன் வழியே குடலில் ஒரு வளையம் வெளியே வந்து மாட்டிக்கொண்டது, இப்போது அதற்கு ரத்தம் போகவில்லை, தாமதித்தால் குடல் அழுகும், அதன் பிறகு உயிருக்கே ஆபத்து. ஐந்தே வாக்கியம்.

பின்னாலேயே வந்து சேர்ந்த சூப்பர்வைசர் கையில் பெல்ட்டை வைத்துக்கொண்டு, இதை ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்திருக்காது என்று ஆரம்பித்தார்.

"நீங்க வண்டியோட வேலை செய்றவர்தானே?" என்றார் டாக்டர். "டயர் ஒரு இடத்துல கிழிஞ்சு ட்யூப் வெளிய புடைச்சா, மேல கயித்தக் கட்டி ஓட்டுவீங்களா?"

"மாத்திடுவோம் மேடம்."

"டயருக்குக் குடுக்கிற மரியாதைய ஆளுக்கும் குடுங்க."

உள்ளே போன பிறகு திறந்து பார்த்தால் குடல் நீலம் பாரித்திருந்ததாம். வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்களாம், நிறம் திரும்புகிறதா, வெட்ட வேண்டுமா என்று. அந்தக் கொஞ்ச நேரம் என் தம்பியின் மிச்ச ஆயுள் முழுவதும் ஒரு ஈரத்துணிக்குள் இருந்தது. நிறம் திரும்பிற்று. குடலை உள்ளே வைத்து, விலகிய இடத்தில் வலை ஒன்றைத் தைத்து மூடினார்கள். கோலிக்குண்டாக இருந்தபோதே வந்திருந்தால் இதே வலையை நிதானமாகத் தைத்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார் டாக்டர். பெல்ட்டாலோ மாத்திரையாலோ அந்த ஓட்டை மூடாது. படுத்தால் மறைவது குணமும் அல்ல. இறுகிப்போன வீக்கத்தை அழுத்தித் தள்ளவே கூடாது என்று ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். பெல்ட்டைத் தளர்வாகப் போட்டது தன் தவறு என்று என் தம்பி கையெழுத்துப் போட வேண்டுமாம். என் தம்பி மனைவி அதை வாங்கி, அளவு நாடாவால் நீள அகலம் பார்த்துவிட்டு, குப்பைக்கூடைக்குச் சரியான அளவு என்றாள். மறுவாரம் அதே கம்பெனியில் மூன்று பேர் அந்த டாக்டரிடம் போய் நின்றார்கள். மூவருக்கும் குடித்தனக்காரர் இருந்தார். மூவர் பெல்ட்டும் டொக்கென்று சத்தம் கொடுத்த பெல்ட்.

இப்போது வாசலில் தட்டிப் பார்ப்பது நின்றுவிட்டது. என் தம்பி சில மாதம் எதையும் தூக்கவில்லை. வீடுகளைப் பார்த்து எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்று சொல்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இதுவரை எழுதியதைத் தையல் கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். தம்பி கதவோரம் சிரித்தபடி நின்றான். அவன் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"எல்லாம் சரி அண்ணி. ஒண்ணு மட்டும் மாத்துங்க. அவர் வாயே திறக்கலன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்டதான் திறக்கல. அது கோலிக்குண்டா இருந்தப்பவே உங்ககிட்ட வந்து சொன்னார். மல்லாக்கப் படுத்து அமுக்கி விடுடா, சரியாயிடும்னு சொன்ன மகாராசன் நீங்கதான்."