திருப்பிப் போட்டாலும் தேறாதே

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டின் வாசலில் எந்த நேரமும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். எண்ணூரிலிருந்து வந்தது, ராயபுரம் பக்கம் போவது, எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்பது என்று எல்லா வகையும் உண்டு. பெட்டியின் நம்பரையும் கதவில் இருக்கும் சீல் முத்திரையையும் சரிபார்த்து உள்ளே விடுவதுதான் அப்போது என் வேலை. வரிசை நகராத மத்தியானங்களில் டிரைவர்கள் கேபினில் உட்கார்ந்தபடியே ஓர் ஆட்டம் ஆடுவார்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரும் வார்த்தையை ஒருவர் கத்த வேண்டும். அடுத்தவர் அதே மாதிரி வேறொன்றைக் கத்த வேண்டும். வாயடைத்துப் போனவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு மாலைமாற்று என்று பெயர் சொல்லி, விகடகவி என்று ஓர் உதாரணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதற்குள் இவ்வளவு கூத்து இருப்பது எனக்கு யார்டு வாசலில்தான் தெரிந்தது. வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு டிரைவர்தான் இந்த ஆட்டத்தில் பெரிய கில்லாடி. முன்னால் நிற்கும் வண்டிக்காரன் போனில் குழைந்துகொண்டிருந்தால், "வாடா, டாவா?" என்று வம்புக்கு இழுப்பார். டாவு என்றால் எங்கள் பக்கம் காதல். அவன் போனை மூடாமலே "போடா போ!" என்று திருப்பிக் கொடுப்பான். ஒருநாள் தார் உருகும் வெயிலில், நான் வாசலிலிருந்து "மோரு வருமோ?" என்று கத்தினேன். வியாசர்பாடிக்காரருக்குப் பதில் வரவில்லை. தோற்றவரைப் பார்த்து எல்லோரும் "டீ தா, தா டீ!" என்று கத்துவது வழக்கம். அதையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதேதான் வரும்.

இந்த வார்த்தையெல்லாம் எப்படி வருகிறது என்று பலர் என்னைக் கேட்டார்கள். பெரிய வித்தையெல்லாம் இல்லை. மற்றவர்கள் தலையிலிருந்து தொடங்கி வாலில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நான் நடுவில் ஓர் எழுத்தை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவேன். ஓரிடத்தில் முட்டிக்கொண்டால், இரண்டு பக்கமும் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிவந்து மறுபடி தொடங்குவேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாசலில் கேமரா வைத்தார்கள். பெட்டியின் நம்பரை இனி அதுவே படித்துக்கொள்ளுமாம். எங்களுக்கு மாதக் கடைசி வரை வேலை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேமராவையே கல்லால் அடித்திருப்பேன். ஆனால் யார்டுக்குள் பெட்டிகளை இடம் மாற்றும் டிரெய்லர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது. எடுத்ததோடு சரி, பொம்பளைக்கு யாரும் வண்டி தரவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போய், ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பெட்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல உடணும். இடிக்காம உட்டா வேலை உனுக்கு. அவ்ளோதான்."

டிரெய்லரை முன்னால் ஓட்டுவது பெரிய காரியமில்லை. பின்னால் எடுக்கும்போதுதான் அது சொன்ன பேச்சு கேட்காது. வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டேரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக ஒடித்தால் கேபினும் பின்னால் இழுக்கும் வண்டியும் முழங்கை மாதிரி மடங்கிக்கொள்ளும். அப்போது வண்டியை முன்னுக்கு எடுத்து, நேராக்கி, மறுபடி பின்னால் வருவதுதான் வழி. ஆனால் எங்கள் யார்டில் அப்படி முன்னுக்கு எடுப்பது மானப் பிரச்சினை. எடுத்தால் நாலா பக்கமும் விசில் பறக்கும். ஒரே மூச்சில் உள்ளே விடுபவன்தான் டிரைவர், மற்றவனெல்லாம் கற்றுக்குட்டி.

முதல் தடவை நானும் அந்த மானத்தைக் கட்டிக்கொண்டேன். வண்டி மடங்குவது கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் முன்னுக்கு எடுக்க மனசு வரவில்லை. விடாப்பிடியாகப் பின்னால் தள்ளினேன். டிரெய்லரின் மூலை போய் ஒரு காலிப் பெட்டியில் இடித்தது.

"தேறாதே!" என்று வியாசர்பாடிக்காரர் கத்தினார். ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆச்சு, எனக்குத் தீர்ப்பும் ஆச்சு. எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை விட்டு இறங்கி நடந்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சூப்பர்வைசர் என்னை அத்தோடு அனுப்பிவிடவில்லை. காலிப் பெட்டிதானே என்று இன்னொரு வாய்ப்பு கொடுத்தார், இதுதான் கடைசி என்று சொல்லி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் யார்டின் காலி மூலையில் ஒரு பழைய வண்டியை முன்னும் பின்னும் உருட்டினேன். அங்கே யாரும் பார்க்கவில்லை, அதனால் தயங்காமல் முன்னுக்கு எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்த்தை முட்டிக்கொண்டால் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறேனே, அதற்காக எவனாவது விசில் அடித்தானா? அதே புத்தி வண்டியில் ஏறியதும் ஏன் எனக்கு இல்லாமல் போச்சு?

இரண்டாம் தடவை ஏறும்போது வாசலில் நின்ற டிரைவர்களும் வேடிக்கை பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். வால் பாதி நுழைந்ததும் வண்டி மடங்கத் தொடங்கியது. நிறுத்தினேன். கியரை மாற்றி முன்னுக்கு எடுத்தேன். விசில் காதைப் பிளந்தது.

"யக்கா, ஊட்டுக்குப் போறியா?" என்றது ஒரு குரல்.

அடிங்கடா விசிலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வண்டி நேரானதும் மறுபடி பின்னால் வந்தேன். இன்னும் கோணல். மறுபடி முன்னுக்கு எடுத்தேன். இந்தத் தடவை விசில் பாதிதான். அடுத்துப் பின்னால் வந்தபோது இரண்டு கண்ணாடியிலும் ஒரே அளவு இடைவெளி தெரிந்தது. அதைக் கலைக்காமல், ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்து, இஞ்ச் இஞ்சாகக் கடைசி வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

சூப்பர்வைசர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். "நாளைக்கு ஷிப்டுக்கு வந்துரு," என்றார்.

கேபினிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வியாசர்பாடிக்காரர் அருகே வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடியும் அதையே கத்தினார்.

"தேறாதே!"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுக்க என்னிடம் வார்த்தைகள் இருந்தன. மோரு வருமோ மாதிரி இன்னும் எத்தனையோ எடுத்து விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"தேறிட்டேன்!"

திருப்பிப் போட்டால் அது ஒன்றுக்கும் ஆகாத வார்த்தை. ஆட்டத்தில் நான் அவுட். "டீ தா, தா டீ!" என்று யார்டே கத்தியது. இறங்கிப் போய் எல்லோருக்கும் டீ சொன்னேன்.