கடத்தூர் இரும்புக் கூரையும் கம்பைநல்லூர் புளி குடோனும்

‘இரும்பு மற்றும் மரக் கட்டமைப்புகளின் வடிவமைப்பு’ என்று ஒரு பாடம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும். அதில் நான் இரண்டு முறை பெயில். சேலத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் ஒன்பது வருடமாகப் படம் வரைகிறேன்; வேலை முடிந்தபின் சாயங்கால வகுப்பில் சிவில் இன்ஜினியரிங். மற்ற எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது. மே மாதத் தேர்வோடு எனக்குத் தந்த கால வரம்பும் தீர்ந்துவிடும். அதிலும் கோட்டை விட்டால் ஏழு வருடப் படிப்பும் அம்போ.

புத்தகத்தை முறைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, நிஜக் கூரை இரண்டையாவது அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம் என்று மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன். காலை 6.10க்குச் சேலத்தில் பஸ். தருமபுரி வர ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கே இரண்டு இட்லி, ஒரு டீ. அடுத்த பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆடி அசைந்து 9.20க்குக் கடத்தூரில் இறங்கினேன்.

அங்கிருந்த சந்தைக் கொட்டகை, சந்தை நாள் இல்லாததால் காலியாக இருந்தது. தகரக் கூரையைத் தாங்கும் இரும்பு முக்கோணச் சட்டங்கள், அதாவது நாங்கள் டிரஸ் என்று சொல்வது, வரிசையாக எட்டு. டேப்பும் நோட்டுமாக நான் நின்றதைப் பார்த்துவிட்டு வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்தார்.

“இதையும் இடிக்கப் போறீங்களாங்க?”

“இல்லீங்கக்கா, பரீட்சைக்குப் படிக்கறேன்.”

“மோட்டுவளையப் பாத்தா?” என்று சிரித்துவிட்டு, உட்காரக் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். மவராசி. அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சாய்வாக ஏறும் இரும்புகள் தடியாக இருந்தன. இரண்டு ஓரங்களையும் கீழே குறுக்காக இணைக்கும் இரும்பு மட்டும் நீளமாக, ஒல்லியாக இருந்தது. ஒல்லியானதை அமுக்கினால் வளைந்துவிடும், இழுத்தால்தான் தாங்கும். அப்படியானால் அது இழுபடுகிறது. இரண்டு தேர்விலும் நான் அதை அமுங்குவதாகத்தான் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மரக் கூரைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் முருகனிடம் கேட்டேன்.

“மரத்துல பெரிய கூரைங்களா? கம்பைநல்லூர்ல சரோஜாக்கா புளி குடோன் இருக்குதுங்க. ஓடு போட்டது. போலாம் வாங்க.”

போகவரக் காத்திருப்பும் சேர்த்து அறுநூறு ரூபாய் பேசினோம். போக முக்கால் மணி நேரம். வழி நெடுகப் புளிய மரம். முருகன் ஒவ்வொன்றும் எவ்வளவு காய்க்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாதி தூக்கத்தில் உம் கொட்டினேன்.

குடோனுக்குள் நுழைந்ததும் தூக்கம் போய்விட்டது. புளி வாசனையில் பல் கூசியது. வாசல் பக்கம் இரட்டை ஏணியை விரித்து, அதன் உச்சியில் கையில் ரம்பத்தோடு ஒருவர் நின்றிருந்தார். தச்சர் கரீம். அவர் தலைக்கு மேலே முதல் டிரஸ்ஸின் குறுக்கு மரத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு. ஏணியைப் பிடித்தபடி நின்றவர்தான் குடோன்காரர் சரோஜாக்கா.

“புதுசா ஒசரமா ஷட்டர் வெச்சோம், மினி லாரி உள்ளயே வரட்டும்னு. வெளிய ஏத்துனா மழைல மூட்ட நனையுது. இந்தக் குறுக்கு மரம் இடிக்குது, அதான் வெட்டறோம்” என்றார் அவர்.

ஏணிப் பக்கம் ஓடினேன். “அக்கா, அத வெட்டலாமுங்களா?”

“ஓடெல்லாம் சாய்வு மரத்து மேல நிக்குது. இது மேல என்ன நிக்குது? சும்மாதான கெடக்குது?”

விடைத்தாளில் நான் தப்பு செய்ததும் இதே குறுக்குச் சட்டத்தில்தான். ஆனால் சொல்ல நான் யார்? இரண்டு முறை பெயிலானவள். “ரெண்டே நிமிசம் பொறுங்க” என்று கெஞ்சிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குறுக்கு மரம் இழுபடுகிறது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் போட்டேன். அதே விடை. இதை எப்படிப் புரியவைப்பது என்று நிமிர்ந்தபோது ஏணி கண்ணில் பட்டது. விரிந்த கால்கள் வழுக்காமலிருக்க நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

“கரீம் பாய், கீழ இருக்கற இந்தக் கயித்த அவுத்துடட்டுங்களா?”

“ஐயோ, வேணாங்க! காலு ரெண்டும் விரிஞ்சுக்கும், நான் விழுந்துருவேன்!”

“கயித்து மேல ஒண்ணும் நிக்கலீங்களே. சும்மாதான கெடக்குது?”

கரீம் கயிற்றைப் பார்த்தார், குறுக்கு மரத்தைப் பார்த்தார். பிறகு ரம்பத்தோடு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“இத வெட்டிருந்தா செவுத்தத் தள்ளிக்கிட்டு ஓடு மொத்தமும் நம்ம மேல வந்திருக்கும், இல்லீங்களா?” என்றார். சரோஜாக்கா உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்களையும் வெளியே கூப்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

“மழைக்கு வெளியவே தகரப் பந்தல் போட்டுக்கறேன். லாரி அங்கயே நிக்கட்டும்.”

அனுபவமுள்ள இன்ஜினியர் ஒருவரை வரவழைத்து முழுக் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சரி என்றார். பிறகு கரீம் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, குடோன் முழுவதையும் அளந்தேன். கிளம்பும்போது இரண்டு கிலோ புளி. காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார் அக்கா.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: ஐந்து மீட்டர் டேப் போதாது, முப்பது மீட்டர் கொண்டுபோங்கள். சந்தை நாளைத் தவிருங்கள். எந்தக் கட்டடமானாலும் கேட்டுவிட்டு நுழையுங்கள். எனக்கு மொத்தச் செலவு ஆயிரத்துக்குள் அடங்கியது. அன்று யாராவது ஒருவர் “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி போட்ட அக்காவுக்கும், வழி காட்டிய முருகனுக்கும், ஏணியிலிருந்து இறங்கிய கரீமுக்கும் நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன்.

மே மாதத் தாளில் மர டிரஸ் வந்தது. குறுக்கு மரத்துக்கு ‘இழுவிசை’ என்று எழுதும்போது மூக்கில் புளி வாசனை. போன வாரம் முடிவு வந்தது: பாஸ். முதல் போன் சரோஜாக்காவுக்குத்தான். பேசி முடித்த சற்று நேரத்தில் ஒரு போட்டோ அனுப்பினார். சாக்பீஸ் கோடுகளை அழித்துவிட்டு, அதே மரத்தில் சிவப்பு பெயிண்டில் கரீம் எழுதியிருந்தார்:

“சும்மா இல்லை. இழுத்துப் பிடிக்குது. வெட்டாதே.”